முதல் தக்சீமிலிருந்து முதல் சமாயி வரை: அரபு வாத்திய இசையில் சொந்தமாக ஒன்றை அமைக்க

பாலைவனக் காட்சி வந்தால் ஒரு தர்புகா (கோப்பை வடிவப் பறை), அதன்மேல் வகுளாபரணச் சாயலில் ஒரு வயலின் இழுப்பு. சினிமாப் பாட்டு வழியாக ‘அரபு இசை’ என்று நமக்குப் பழகியிருப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். ஹிஜாஸ் என்ற ஒரே மகாமின் (நம் ராகம் போன்றது) மேல்தோல் அது. கெய்ரோ, அலெப்போ, பாக்தாத் போன்ற ஊர்களில் தலைமுறைகளாக வாசித்துவரும் வாத்திய இசைக்குள் நுழைந்து, அதன் இலக்கணத்துக்குள் நின்றபடியே சொந்தமாக ஒரு சின்ன உருப்படி அமைக்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் கர்நாடக இசையோ வயலினோ கீபோர்டோ தெரிந்திருந்தால் வேலை சுலபம். ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நேரம்தான் கூடுதலாகும்.

ஆரம்பிக்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிற பலர் தங்கள் குரல் தனியாகக் கேட்கவேண்டும் என்பதற்காக முதல் வாரமே நாலு மகாமைக் கலப்பார்கள், பின்னணியில் சிந்தசைசர் போடுவார்கள். இந்த இசையில் ஆளை அடையாளம் காட்டுபவை வேறு விஷயங்கள். எந்தச் சுரத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார், ஆதார சுரத்துக்கு இறங்குவதை எத்தனை முறை தள்ளிப்போடுகிறார், எங்கே மௌனம் விடுகிறார். நல்ல ரசிகர்கள் ஓரிரு நிமிடம் கேட்டதும் இது ஈராக்கின் முனீர் பஷீர், இது எகிப்தின் ரியாத் அல்-சுன்பாத்தி என்று சொல்லிவிடுவது இவற்றை வைத்துத்தான். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த இடத்துக்குப் போவதற்கே.

1. கருவியை முடிவு செய்யுங்கள்

பழைய முறைப்படி வாத்தியக் குழுவுக்கு ‘தக்த்’ என்று பெயர். நாலைந்து பேர் இருந்தால் ஒரு தக்த் ஆகிவிடும். ஊத், கானூன், நேய், வயலின், தாளத்துக்கு ரிக். ஊத் என்பது பேரிக்காய் வடிவில் குடம்கொண்ட, கழுத்தில் (வீணையில் இருப்பது போன்ற) மெட்டுக்கட்டைகள் இல்லாத தந்தி வாத்தியம். கானூன், மடியில் வைத்து விரல்களில் மாட்டிய மீட்டுகோலால் வாசிப்பது. வழக்கமாக 26 வரிசை, வரிசைக்கு மூன்று தந்தி. ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் குட்டிக் குட்டி நெம்புகோல்கள் இருக்கும், வாசிக்கும்போதே அவற்றைத் தட்டிச் சுரத்தை நுணுக்கமாக ஏற்றி இறக்குவார்கள். நேய், நாணல் குழல். ரிக், சலங்கைத் தகடுகள் வைத்த கஞ்சிரா மாதிரியான கைப்பறை.

கர்நாடக வயலின் கற்றவர்கள் வேறு கருவி தேட வேண்டாம். அரபு வயலின்காரர்கள் பழைய முறையில் தந்திகளை ஜி-டி-ஜி-டி என்று கூட்டுவார்கள். நாம் ச-ப-ச-ப என்று கூட்டுகிற அதே உறவு! சுருதியின் உயரம்தான் வேறு. எகிப்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கமஞ்சா என்ற பழைய வில் வாத்தியத்தின் இடத்தை வயலின் பிடித்துக்கொண்டது. அலெப்போ இசைக் குடும்பத்தில் வந்த சாமி அல்-ஷவா அதை அரபு மொழியே பேச வைத்தார். உங்கள் கமகக் கை அங்கே வீணாகாது. கொஞ்சம் அடக்கி வாசிக்கப் பழக வேண்டும், அவ்வளவே.

கிட்டார்காரர்களுக்குச் சிக்கல் உண்டு. மெட்டுகள் இருப்பதால் ராஸ்ட், பயாத்தி போன்ற அடிப்படை மகாம்களின் சுரங்களே அதில் விழாது. கீபோர்டு என்றால் கால்சுர (அரைச்சுரத்தின் பாதி) பட்டன்கள் உள்ள மாடல் வேண்டும். சாதாரண கீபோர்டை வைத்துக்கொண்டு பழகினால் காது தப்பாகப் பழகிவிடும்.

புதிதாக வாங்குவதாக இருந்தால் என் சிபாரிசு ஊத். வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள் அங்கேயே வாங்குவது நல்லது. கையில் எடுத்துப் பார்க்கலாம், கடைக்காரரை வாசித்துக் காட்டச் சொல்லலாம். பார்க்கவேண்டியவை சில. கழுத்து நேராக இருக்கிறதா. கழுத்தும் குடமும் சேரும் இடத்தில் தந்திகள் அதிக உயரத்தில் நிற்கின்றனவா (நின்றால் விரல் செத்துவிடும்). முறுக்காணிகள் வழுக்காமல் பிடித்து நிற்கின்றனவா. முத்துச்சிப்பி வேலைப்பாடு ஏகமாகச் செய்து, விலை மட்டும் குறைவாக இருந்தால் அது வரவேற்பறைச் சுவரில் மாட்ட, வாசிக்க அல்ல. அரபு ஊத்தின் தந்தி நீளம் ஏறக்குறைய 61 செ.மீ., துருக்கி ஊத் 58.5 செ.மீ. சின்னக் கை உள்ளவர்களுக்குத் துருக்கி ஊத் வசதி, ஆனால் ஒலி இன்னும் கூர்மையாக இருக்கும். ஐந்து ஜோடித் தந்தி, மேலே ஒற்றை மந்தரத் தந்தி, ஆக 11. பரவலான அரபுக் கூட்டல், சுருதியில் கீழிருந்து மேலாக சி-எஃப்-ஏ-டி-ஜி-சி. மீட்டும் நீளமான பட்டைக்கு ‘ரீஷா’ என்று பெயர். பழைய காலத்தில் கழுகு இறகு, இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக்.

2. காதைத் தயார் செய்யுங்கள்

இந்தப் படிதான் நீளமானது, பலரும் தாண்டிக் குதிப்பதும் இதைத்தான்.

ராஸ்ட் என்ற மகாமை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் சொன்னால் ச, சதுச்ருதி ரி, அப்புறம் ஒரு காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், சதுச்ருதி தைவதம், ஒரு நிஷாதம். அந்தக் காந்தாரம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். ஏறும்போது நிஷாதமும் அதேபோல் கைசிகிக்கும் காகலிக்கும் நடுவில். முதல்முறை கேட்கும்போது ‘அபசுரம்’ என்று தோன்றும். ஒரு வாரம் தொடர்ந்து கேட்டால் அந்தக் காந்தாரம்தான் அந்த மகாமின் உயிர் என்பது பிடிபட்டுவிடும்.

‘நடுவில்’ என்றால் சரியாக எங்கே? இந்தக் கேள்விக்காக ஒரு மாநாடே நடந்தது. 1932இல் எகிப்து மன்னர் முதலாம் ஃபுவாத் ஆதரவில் கெய்ரோவில் கூடிய அரபு இசை மாநாட்டில் எண்சுரத்தை (ஷட்ஜம் முதல் மேல் ஷட்ஜம் வரை) 24 சமமான கால்சுரங்களாகப் பிரிக்கலாமா என்று பெரிய வாக்குவாதம். பேலா பார்டோக், பால் ஹிண்டமித், கர்ட் சாக்ஸ் போன்ற ஐரோப்பியர்களும் வந்திருந்தார்கள். சமமாகப் பிரிப்பதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை, காரணமும் இருந்தது: நடைமுறையில் யாரும் அப்படி வாசிப்பதில்லை. ராஸ்டின் காந்தாரம் அலெப்போவில் கெய்ரோவைவிடச் சற்று மேலே, இஸ்தான்புல்லில் அதற்கும் மேலே. பயாத்தி மகாமில் அதே இடத்துச் சுரம் ராஸ்டில் வருவதைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்த மாநாட்டுக்காக நூற்றுக்கணக்கான இசைத்தட்டுப் பதிவுகளும் எடுத்தார்கள். மொரோக்கோவிலிருந்து ஈராக் வரை பல பாணிகளை ஒரே தொகுப்பில் கேட்க அவை இன்றைக்கும் உதவும்.

அதனால் டியூனர் ஆப் காட்டும் எண்ணை நம்பி இந்தச் சுரங்களைக் கற்காதீர்கள். ஒரு வாத்தியக்காரரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய காந்தாரத்தை அப்படியே பிடிக்கப் பாருங்கள். பாடிப் பிடிப்பது இன்னும் நல்லது. ச-ரி-க-ம என்று நாலு சுரம், நிதானமாக, தினமும் பத்து நிமிடம்.

தம்புரா போட்டுக்கொண்டு பயிற்சி செய்யலாமா என்று நம்மவர்கள் கட்டாயம் கேட்பார்கள். முதல் மாதம் போடலாம், பிறகு அணைத்துவிடுங்கள். நம் காது ஷட்ஜத்தை ஆணி அடித்து வைத்திருக்கும். கச்சேரி முடியும்வரை அது நகராது. மகாம் இசையில் ஷட்ஜமே இடம் மாறும். வாசிப்பவர் மத்திமத்தில் போய் நின்று, அதையே ஆதாரமாக்கி அங்கே வேறொரு உருவத்தைக் கட்டுவார். கேட்பவரின் காது கூடவே நகரும். பிறகு திரும்பி வருவார். நாம் கிரக பேதம் என்று எப்போதாவது வித்தை காட்டச் செய்வது அங்கே தினசரி நடப்பு. பின்னால் தம்புரா ஓடிக்கொண்டிருந்தால் இந்த நகர்வு உங்களுக்குக் கேட்கவே கேட்காது. கர்நாடகப் பயிற்சி உள்ளவர்கள் மகாம் வாசிக்கையில் ஏன் ராகம் வாசிப்பது போலவே ஒலிக்கிறது என்றால், எனக்குத் தெரிந்தவரை கமகத்தைவிட இதுதான் பெரிய காரணம்.

கேட்க எதை எடுப்பது? எகிப்தியப் பாடகி உம் குல்தூமின் கச்சேரிகளின் பழைய ரேடியோ பதிவுகளில் அவர் வாய் திறப்பதற்கு முன் வரும் நீண்ட வாத்திய முகப்பைக் கேளுங்கள். முஹம்மத் அப்து சாலிஹின் கானூன், அஹ்மத் அல்-ஹிஃப்னாவியின் வயலின், முஹம்மத் அல்-கஸப்ஜியின் ஊத். ஒரே மெட்டைத்தான் எல்லோரும் வாசிக்கிறார்கள், ஆனால் இரண்டு பேர் ஒரே மாதிரி வாசிப்பதில்லை. அப்புறம் தனி ஊத்துக்கு முனீர் பஷீரும் அவர் அண்ணன் ஜமீல் பஷீரும். வேகமும் துல்லியமும் வேண்டுமானால் சைமன் ஷாஹீன். இவ்வளவு போதும். ஒரே நேரத்தில் இருபது பேரைக் கேட்டால் ஒருவர் முகமும் மனதில் நிற்காது.

3. மகாமை ஸ்கேலாகப் படிக்காதீர்கள்

மகாமின் செங்கல் ‘ஜின்ஸ்’. மூன்று, நாலு, அல்லது ஐந்து சுரம் கொண்ட ஒரு சின்னத் துண்டு. கீழே ஒரு ஜின்ஸ், மேலே ஒன்று, இரண்டும் சேரும் இடத்தில் ஒரு முக்கியச் சுரம். அந்தச் சந்திப்புச் சுரத்துக்கு ‘கம்மாஸ்’ என்று பெயர். பெரும்பாலான மகாம்களை இப்படிப் பிரித்துவிடலாம்.

நமக்குத் தெரிந்த ராகங்களோடு பொருத்திப் பார்ப்பதில் தப்பில்லை, நுழைவாயிலாக இருக்கும்வரை. அஜம் சங்கராபரணம் மாதிரி. நஹவந்த், நடபைரவிக்கும் கீரவாணிக்கும் இடையே போய்வரும். குர்த் தோடியின் சுரங்கள். ஹிஜாஸ் வகுளாபரணம்; ஹிஜாஸ்கார் நம் மாயாமாளவகௌளை. ஆனால் தோடியை நினைத்துக்கொண்டு குர்த் வாசித்தால் அந்தக் காந்தாரத்தை ஆட்டாமல் உங்களால் விடமுடியாது, உடனே ஊர் மாறிவிடும். சுரங்கள் ஒன்றாக இருந்தாலும் நடை வேறு. அந்த நடையை ‘சைர்’ என்பார்கள்: எங்கே தொடங்குவது, எந்தச் சுரத்தில் தங்குவது, எந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது, எப்படி இறங்குவது.

முதல் மகாமாக பயாத்தியை எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். அரபு உலகம் முழுக்கப் பரவியிருப்பது, நாட்டுப்புறப் பாட்டிலும் உண்டு, கச்சேரியிலும் உண்டு. சுரங்கள்: ச, சுத்த ரிஷபத்துக்கும் சதுச்ருதி ரிஷபத்துக்கும் நடுவில் ஒரு ரி, சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். கீழ் ஜின்ஸ் ச முதல் ம வரை. மேல் ஜின்ஸ் மத்திமத்திலிருந்து நஹவந்த். ஆக, கம்மாஸ் மத்திமம். நம் கை தானாகப் பஞ்சமத்தில் போய் உட்காரும், அதைக் கவனித்துத் திருத்துங்கள். பயாத்தியில் தங்கும் இடம் மத்திமம்.

ஒவ்வொரு மகாமுக்கும் ஓர் உணர்ச்சியை ஒட்டிவைத்த பட்டியல்கள் இணையத்தில் ஏராளம். ஸபா சோகம், ராஸ்ட் கம்பீரம் என்று. முழுப் பொய் என்று சொல்லமாட்டேன், ஸபாவைக் கேட்டுச் சிரிப்பவர் குறைவுதான். ஆனால் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ‘எனக்கு இன்று சோகம், ஆகவே ஸபா’ என்று ஆரம்பித்தால் எல்லோரும் செய்ததையே செய்வீர்கள். பயாத்தியில் கல்யாணமும் பாடலாம், பிரிவும் பாடலாம்.

4. பத்து எண்ணிக்கையைப் பழகுங்கள்

தாள வட்டத்துக்கு ‘ஈகா’ என்று பெயர். தர்புகாவின் நடுவில் அடிக்கும் கனமான ஒலி ‘தும்’, ஓரத்தில் விழும் கூர்மையான ஒலி ‘தக்’. எட்டு எண்ணிக்கை மக்சூம் உங்களுக்குப் பெயர் தெரியாமலேயே தெரிந்திருக்கும்: தும் தக் – தக் தும் – தக் –. அதில் பெரிய கஷ்டம் இல்லை.

நமக்கு வேண்டியது சமாயி தகீல், கடைசியில் நாம் எழுதப்போகும் சமாயி என்ற உருப்படியின் தாளம். பத்து எண்ணிக்கை:

தும் – – | தக் – | தும் தும் | தக் – –

மூன்று, இரண்டு, இரண்டு, மூன்று. கண்ட சாபு இரண்டு தடவை என்று நினைத்துப் போட்டால் இடறும், ஏனென்றால் கண்ட சாபு 2+3; இதன் முதல் பாதியோ 3+2. இரண்டாவது பாதிதான் சாபுவோடு ஒத்துப்போகும். கையால் தொடையில் தட்டி, வாயால் சொல்லி, நடந்துகொண்டே சொல்லி, எண்ணாமலே வரும்வரை பழகுங்கள். எண்ணிக்கொண்டே இருப்பவரால் அதற்குள் மெட்டு யோசிக்க முடியாது.

5. ஒரு தக்சீம் வாசியுங்கள்

தக்சீம் என்பது தாளக்கட்டு இல்லாமல் தனி ஆளாக மகாமை விரிப்பது. நம் ஆலாபனையை நினைத்துக்கொள்ளலாம், அளவில் சிறியதாக. இரண்டு மூன்று நிமிடத்திலேயே முழுத் தக்சீம் வாசித்துவிடலாம். எழுதி அமைக்கும் முன் இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு: உங்கள் சொந்தச் சொற்கட்டுகள் முதலில் தலைகாட்டும் இடம் இதுதான்.

செல்போனில் ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டு இப்படிப் போங்கள்.

ஷட்ஜத்தைச் சுற்றி நாலைந்து சிறு வாக்கியங்கள். மந்தர நிஷாதம் வரை இறங்கித் தொட்டுவிட்டு வரலாம். மேலே ஏறாதீர்கள். பயாத்தியின் ரிஷபத்தை நன்றாகக் காட்டிவிட்டு ஷட்ஜத்தில் முடியுங்கள். இந்த முடிப்புக்கு ‘கஃப்லா’ என்று பெயர். கச்சேரியில் ரசிகர்கள் ‘அல்லாஹ்!’, ‘யா சலாம்!’ என்று வாய்விட்டுச் சொல்வது பெரும்பாலும் கஃப்லா விழுந்த பிறகுதான். அந்தச் சத்தத்துக்கு இடம் விட்டு, சும்மா இருங்கள். வீட்டில் தனியாக வாசித்தாலும் விடுங்கள்.

அடுத்து மத்திமத்துக்குப் போங்கள். அங்கேயே தங்கி, மேல் ஜின்ஸைத் திறந்து காட்டுங்கள். இரண்டாவது கஃப்லாவை மத்திமத்திலேயே போடலாம். பிறகு ஒரே ஓர் இடமாற்றம். மத்திமத்தை ஆதாரமாக வைத்து அங்கே ஹிஜாஸ் கட்டினால் அது பயாத்தி ஷூரி. வழக்கமான பாதை, கேட்பவர்கள் எதிர்பார்ப்பதும் கூட. அதில் அதிக நேரம் இருக்க வேண்டாம். மேல் ஷட்ஜத்தைத் தொடுங்கள், படிப்படியாக இறங்குங்கள், பழைய சுரங்களைத் திரும்பக் கொண்டுவந்து ஷட்ஜத்தில் முடியுங்கள்.

அரபு இசையில் ‘தரப்’ என்று ஒரு சொல் அடிக்கடி காதில் விழும். வாசிப்பவரும் கேட்பவரும் சேர்ந்து கிறங்கிப்போகிற நிலை அது. கஃப்லா நன்றாக விழாவிட்டால் தரப் வராது. கஃப்லா நன்றாக விழ, அதற்கு முன்னால் போதிய தாமதம் வேண்டும். ஷட்ஜத்துக்கு நேராக இறங்கினால் தகவல் சொன்ன மாதிரி ஆகிவிடும். ரிஷபத்தில் நின்று, மீண்டும் மத்திமத்துக்குத் திரும்பி, மறுபடி ரிஷபத்துக்கு வந்து, அதன்பின் இறங்கிப் பாருங்கள். எத்தனை முறை திரும்பலாம், எப்போது அது இழுவையாகிவிடும் என்பதற்கு விதி கிடையாது. அந்த அளவுதான் உங்கள் கையெழுத்து.

முனீர் பஷீர் (1930–1997) இதை மௌனத்தால் செய்தார். மோசூலில் பிறந்து, பாக்தாத்தில் ஷெரீஃப் முஹித்தீன் ஹைதரிடம் படித்தவர். பாட்டுக்குப் பக்கவாத்தியமாக இருந்த ஊத்தைத் தனியாக மேடையில் வைத்து, பேசினால் கேட்காத அளவுக்கு மெதுவாக வாசித்து, ஐரோப்பிய அரங்குகளையும் மூச்சடக்கிக் கேட்க வைத்தார். அவர் குரு ஷெரீஃப் முஹித்தீன் நேர் எதிர்: செல்லோவும் வாசிப்பவர், அதன் விரல் வித்தைகளை ஊத்துக்குக் கொண்டுவந்தவர், கழுத்து முழுக்க ஓடுவார். குருவிடமிருந்து விரலைக் கற்றுக்கொண்ட சீடர் ஓட்டத்தை மட்டும் வேண்டாம் என்று வைத்துவிட்டார். எனக்கு இதில் பிடித்தது, இருவரும் மகாமை மீறவில்லை என்பதுதான். ஒரே பயாத்திக்குள் இரண்டு மனிதர்கள்.

ரெக்கார்டு செய்ததை உடனே கேட்காதீர்கள். மறுநாள் கேளுங்கள். அதில் உங்களையறியாமல் திரும்பத் திரும்ப வருகிற ஒரு சிறு வாக்கியம் இருக்கும். அதைக் குறித்துவையுங்கள், அடுத்த படிக்கு அதுதான் விதை.

6. சமாயி எழுதுங்கள்

லோங்கா, பஷ்ரஃப், தஹ்மீலா, தூலாப் என்று வாத்திய உருப்படிகளில் பல வகை உண்டு. தூலாப் மிகச் சிறியது, மகாமை அறிமுகம் செய்யும் நாலு வரி. கை பழக ஒன்று எழுதிப் பார்க்கலாம். லோங்கா வேகமானது, இரண்டு எண்ணிக்கையில் ஓடும். சமாயியும் பஷ்ரஃபும் லோங்காவும் உஸ்மானிய அரசவைக் காலத்து இஸ்தான்புல் வழியாக வந்தவை. இன்றைக்கும் துருக்கியின் தன்பூரி ஜெமில் பே (1873–1916) எழுதிய உருப்படிகளை அரபு வாத்தியக்காரர்கள் தங்களுடையதாகவே வாசிக்கிறார்கள்.

புதியவருக்கு சமாயி பொருத்தம், ஏனென்றால் அதன் எலும்புக்கூடு தெளிவாக இருக்கிறது. நாலு ‘கானா’ (நம் சென்னைக் கானா அல்ல), ஒவ்வொரு கானா முடிந்ததும் ‘தஸ்லீம்’ எனும் ஒரே பகுதி திரும்ப வரும். பல்லவி மாதிரி. முதல் மூன்று கானாவும் தஸ்லீமும் பத்து எண்ணிக்கையில். நாலாவது கானாவில் தாளம் மாறும், பெரும்பாலும் மூன்று அல்லது ஆறு எண்ணிக்கைக்கு. கடைசியில் மீண்டும் பத்தில் தஸ்லீம்.

எழுதும் முன் இப்ராஹீம் அல்-அர்யானின் சமாயி பயாத்தியை முழுக்க வாசிக்கப் பழகிவிடுங்கள். எகிப்தியர் எழுதியது, எந்த நாட்டு ஊத் மாணவரும் தொடக்கத்தில் கடந்துபோகிற உருப்படி. ஒவ்வொரு கானாவும் எந்தச் சுரத்தில் ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று மட்டும் ஒரு தாளில் குறித்தாலே பாதிப் பாடம் முடிந்தது.

இப்போது உங்களுடையது. தஸ்லீமை முதலில் எழுதுங்கள். நாலு முறை வரப்போவது அதுதான், ஆகவே அலுக்காததாகவும் பாடக்கூடியதாகவும் இருக்கவேண்டும். தக்சீமில் பிடித்துவைத்த அந்தச் சிறு வாக்கியத்தைப் பத்து எண்ணிக்கைக்குள் உட்கார வையுங்கள். உதாரணத்துக்கு இரண்டு வட்டம்:

ம – – | ப – | ம க | ரி – –
க – – | ரி – | நி ரி | ச – –

(ரி என்பது பயாத்தியின் நடு ரிஷபம், நி மந்தர நிஷாதம்.) முதல் வட்டம் ரிஷபத்தில் தொங்கி நிற்கிறது, இரண்டாவது இறங்கி முடிக்கிறது. தும், தக் விழும் இடங்களில் கனமான சுரங்கள் விழுகின்றன. சாதாரணமான வரிதான், வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன். இதைவிட நல்லதாக உங்களால் எழுத முடியும். மொத்தம் நாலு வட்டம் போதும்.

முதல் கானா பயாத்தியை நிலைநிறுத்தட்டும், பெரும்பாலும் கீழ் ஜின்ஸுக்குள். இரண்டாவதில் ஓர் இடமாற்றம்: மத்திமத்தில் ஹிஜாஸ், அல்லது மத்திமத்தில் ராஸ்ட். மூன்றாவது உச்சத்துக்கு ஏறும் இடம். மேல் ஷட்ஜத்தைச் சுற்றி வாசித்துவிட்டு, தஸ்லீமோடு சேர்வதற்கு ஏற்ற மாதிரி இறங்க வேண்டும். இந்தச் சேர்க்கையைப் பலர் கவனிப்பதில்லை. கானாவின் கடைசி வட்டத்தை எழுதும்போதே தஸ்லீமின் முதல் சுரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாலாவதில் தாளம் மாறுவதால் மனநிலையும் மாறலாம். சாதாரண காந்தாரத்தை ஆதாரமாக வைத்து அஜம் சாயலில் கொஞ்சம் வெளிச்சம் காட்டுவது ஒரு வழி.

உங்களுக்கென்று சொல்ல ஏதாவது இருந்தால் அதை மூன்றாவதிலும் நாலாவதிலும் வையுங்கள். முதல் இரண்டிலும் கேட்பவர் உங்களை நம்ப ஆரம்பிக்கட்டும். நம்பிய பிறகு எங்கே கூட்டிக்கொண்டு போனாலும் வருவார்.

வடிவத்தையே விட்டு வெளியே போனவர்களும் உண்டு. 1991 பிப்ரவரி 13 அன்று பாக்தாத்தின் ஆமிரிய்யா பதுங்குமிடம் அமெரிக்கக் குண்டுவீச்சுக்கு இரையாகி, 400க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். ஈராக்கின் நஸீர் ஷம்மா அதை ஒற்றை ஊத்துக்கு எழுதினார். சைரன் ஒலியே தந்தியில் எழும். அதற்கு சமாயி வடிவம் போதவில்லை, போதாததால் விட்டார். துனீசியாவின் அனுவர் பிராஹிம் ஜாஸ் கலைஞர்களோடு சேர்ந்து வேறொரு தனிமையைத் தேடினார். ஆனால் இவர்கள் இருவருமே பழைய வடிவங்களைக் கரைத்துக் குடித்துவிட்டு வெளியே போனவர்கள். முதல் உருப்படிக்கே அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

7. எழுதியதைக் குறைத்து எழுதுங்கள்

மேலைக் குறிமானத்தில் எழுதுவதாக இருந்தால், பாதி இறக்கத்தைக் காட்ட ஃபிளாட் குறியின் குறுக்கே ஒரு கோடு போடுவது வழக்கம். நம் சுரக் குறிப்பிலேயே எழுதி, நடு ரிஷபத்துக்கு மேலே ஒரு புள்ளி வைத்துக்கொண்டாலும் வேலை நடக்கும்.

மெட்டின் எலும்பை மட்டும் எழுதுங்கள். அசைவு, இரட்டை மீட்டு, சுரத்தைத் தடவி ஏறுவது, இதையெல்லாம் காகிதத்தில் போடாதீர்கள். தக்த் குழுவில் ஊத்காரர் ஒரு விதமாகவும் கானூன்காரர் இன்னொரு விதமாகவும் அதே வரியை அலங்கரிப்பார்கள். ஒன்றின்மேல் ஒன்று உரசிக்கொள்கிற அந்தச் சிறு வேறுபாடுதான் குழுவின் ஒலி. எல்லாவற்றையும் நீங்களே எழுதிவிட்டால் அவர்களுக்கு வேலை இல்லாமல் போய்விடும். கார்டு (பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கவிடுவது) போட வேண்டாம். நடு ரிஷபத்தின் அடியில் எந்தக் கார்டும் பொருந்தி உட்காராது.

பதிவு செய்யும்போது எதிரொலியை ஏற்றாதீர்கள். ‘பாலைவன’ உணர்வு வரும், கஃப்லாவின் கூர்மை போய்விடும்.

8. அந்த இசையோடு வளர்ந்த ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள்

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இது எளிது. அபுதாபியில் நஸீர் ஷம்மாவின் முயற்சியில் 2008இல் தொடங்கிய பைத் அல்-ஊத் இருக்கிறது. ஊத்தோடு கானூனும் கற்றுத்தருகிறார்கள். குவைத், பஹ்ரைன் பக்கம் இருந்தால் ஊத்தும் மிர்வாஸ் என்ற சின்னப் பறையும் சேர்ந்த ‘ஸவ்த்’ பாணியையும் நேரில் கேட்கப் பாருங்கள். மற்றவர்களுக்கு இணையவழி ஆசிரியர்கள் கிடைப்பார்கள். சிரியா, எகிப்து, ஈராக் என்று எந்த ஊர்க்காரர் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், காந்தாரம் ஊருக்கு ஊர் மாறும் என்று பார்த்தோமே.

வாசித்து முடித்ததும் ‘நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘ஜமீல், ஜமீல்’ (அழகு, அழகு) என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவிடுவார். குறிப்பாகக் கேளுங்கள். ரிஷபம் உயர்ந்திருக்கிறதா? இரண்டாவது கானாவிலிருந்து தஸ்லீமுக்குத் திரும்பியது இயல்பாக இருந்ததா? எந்த இடத்தில் இந்தியாக்காரர் என்று தெரிந்தது? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். அதில் சிலவற்றைத் திருத்தவேண்டும். சிலவற்றைத் திருத்தாமல் வைத்துக்கொள்ளலாம்; எவை என்பதை இன்னும் இரண்டு சமாயி எழுதிய பிறகு முடிவு செய்தால் போதும்.

அடுத்த உருப்படிக்கு ராஸ்ட், அப்புறம் நஹவந்த், அப்புறம் ஹிஜாஸ் என்று போகலாம். நஹவந்த் வரும்போது ரியாத் அல்-சுன்பாத்தியின் லோங்காவை வாசித்துப் பழகுங்கள். அது அதே குடும்பத்து ஃபரஹ்ஃபஸா மகாமில் இருக்கிறது, விரலுக்கும் நல்ல பயிற்சி. ஸபாவை மட்டும் தள்ளிவையுங்கள். அதன் நாலாவது சுரம் அந்தர காந்தாரம் இருக்கவேண்டிய இடத்துக்கு இறங்கி நிற்கும், மேல் ஷட்ஜம்கூடப் பல நேரம் அரைச்சுரம் இறங்கிவிடும். கீழ் ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு மேல் ஷட்ஜத்துக்கு ஏறும் நம் பழக்கம் அதில் வேலை செய்யாது. பயாத்தி தக்சீமின் நடுவே, கீழ் ஜின்ஸில் அந்த ஒரு சுரத்தை இறக்கி ஸபாவை எட்டிப் பார்த்துவிட்டு வருவதிலிருந்து ஆரம்பியுங்கள்.